கார்வானமும் கவலைவானமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய அமைப்பு தளராமல் நடப்பது எளிய செயல் அன்று. திங்கள்தோறும் கூடுவதும், புதிதாக எழுத வருவோரை மேடையேற்றுவதும், எழுதியதன் குறைநிறைகளை முகத்துக்கு நேரே எடுத்துரைப்பதும், அதன் பின்னும் நட்புக் குலையாமல் தேநீர் அருந்திப் பிரிவதும் இவ்வட்டத்தின் சிறப்புகள். அச்சிறப்புகளுக்கு என் பாராட்டை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனக்கு அளிக்கப்பட்ட பொருள், மேகம் கவிந்து ஒளி மங்கிய வானத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘குளூமி’ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்திக்கு ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. நம் வட்டத்தின் மொழிபெயர்ப்பு அமர்வுகளில் இச்சொல் வரும்போதெல்லாம் இடர்ப்பாடு எழுகிறது. ‘இருண்ட வானம்’ என்று ஒருவர் பெயர்க்கிறார். ‘சோகமான வானம்’ என்று மற்றொருவர் பெயர்க்கிறார். முன்னதில் துயரம் இல்லை. பின்னதில் தமிழ் இல்லை. இந்த இடர்ப்பாடு மொழிபெயர்ப்போடு நிற்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நேராகத் தமிழில் எழுதப்படும் கவிதைகளிலும் அது புகுந்திருக்கிறது. ஆதலின் சொல்லின் வரலாற்றைக் கூறி, அது நம் கவிதைக்குள் என்ன செய்திருக்கிறது என்பதையும் கூற விரும்புகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைக் காண்போம். ‘குளூமி’ என்பது பெயரடை. அதன் அடிச்சொல்லாகிய ‘குளூம்’ இன்று இருள் என்றும் மனச்சோர்வு என்றும் இரு பொருள் தருகிறது. இவ்விரண்டில் முந்தியது எது என்று கேட்டால், பெரும்பாலோர் இருளே முந்தியது என்பர். வானத்தின் இருளைக் கண்டு மனத்தின் இருளுக்குப் பெயரிட்டனர் என்று கருதுவர். சொல்வரலாறு வேறுவகையாக இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆங்கிலத்தில் இது ஒரு வினைச்சொல். அதன் பொருள் முகத்தைச் சுளித்தல், கடுகடுத்து நோக்குதல் என்பது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துப் பகுதியில் இது பெயர்ச்சொல்லாகக் கடுகடுத்த பார்வையைக் குறித்தது. அதே காலத்தில் ‘குளூமி’ என்னும் பெயரடை ஷேக்ஸ்பியரிடம் காட்டையும், மார்லோவிடம் மாந்தரையும் சிறப்பித்து வருகிறது. இருள் என்னும் பொருளில் ‘குளூம்’ எழுத்தில் முதலில் காணப்படுவது 1629ஆம் ஆண்டில், மில்டனின் கவிதையில். மனச்சோர்வு என்னும் பொருள் அதற்கும் பிந்தியது. 1744ஆம் ஆண்டில் பதிவாகிறது.

ஆக, இச்சொல் முதலில் மனித முகத்தில் இருந்தது. அங்கிருந்து காட்டுக்கும் இருளுக்கும் சென்றது. பின்பு மனத்துக்குள் புகுந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தி ஒளியைக் குறிக்க ஏறத்தாழ இதே ஒலியுடைய வேறொரு சொல் உண்டு. ஒலி ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்று என எண்ணத் தோன்றும். ஆனால் சொல்லாராய்ச்சியாளர் அவ்விரண்டையும் நேரே இணைப்பதில்லை. ஓசை ஒப்புமையைக் கண்டவுடன் வேர் கண்டதாக மகிழும் நம்மவர் சிலருக்கும் இது ஒரு பாடம்.

இந்தப் பயணம் ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. மழைமேகம் தாழ்ந்து கவிவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘லௌர்’ என்றொரு வினை உண்டு. அதுவும் ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் முகம் சுளித்தல் என்னும் பொருளில் தோன்றி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வானத்துக்கு ஆனது. எனவே மேகம் கவிந்த வானத்தை நோக்கிய ஆங்கிலேயர் அதில் ஒரு சினந்த முகத்தைக் கண்டனர் என்று கொள்ளலாம். அவர்கள் மொழியில் வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’ என்னும் சொல்லே வடபுலத்து நார்ஸ் மொழியில் மேகம் என்னும் பொருளுடையது. மேகத்தைக் குறிக்கும் ‘கிளவுட்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் பாறைத் திரளையும் குன்றையும் குறித்தது. மேகத்தின் பெயரே வானத்துக்குப் பெயராகும் அளவுக்கு மேகம் மலிந்த நாடுகளிலிருந்து இச்சொற்கள் வந்தன என்பது கருதத்தக்கது.

அந்நாட்டின் இயல்பை எண்ணிப் பார்த்தால் அவர்கள் மனநிலை விளங்கும். இலண்டன் நகரம் ஏறத்தாழ 51 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. டிசம்பர்த் திங்களில் அங்கே பகற்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவு. அக்குறுகிய பகலையும் மேகம் மூடிக்கொண்டால் மனம் சோராமல் என்ன செய்யும்? இங்கே ஒரு வியப்பையும் கூற வேண்டும். இலண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி அதைவிட மிகுதி. ஆனால் அங்கே அது பன்னிரண்டு திங்களிலும் பரவித் தூறிக்கொண்டே இருக்கிறது. நமக்கோ அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களில் வந்து போய்விடுகிறது. அங்கே மேகம் கதிரவனை மறைக்கும் திரை. இங்கே மேகம் நீரைச் சுமந்து வரும் கலம். அவர்களுக்கு இழப்பாக வருவது நமக்கு வரவாக வருகிறது.

இனி நம் சொற்களுக்கு வருவோம். கவிந்த வானத்துக்கும் கரிய மேகத்துக்கும் தமிழில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். ‘கார்’ என்பது கருமையைக் குறிக்கும், மேகத்தைக் குறிக்கும், மழையைக் குறிக்கும், மழைக்காலத்தைக் குறிக்கும், அக்காலத்தில் விளையும் நெல்லையும் குறிக்கும். கருமையில் தொடங்கி நெல்லில் முடியும் இந்தப் பொருள்விரிவில் துயரத்துக்கு இடமே இல்லை. ‘கொண்டல்’ என்பது நீரைக் கொண்டது என்னும் பொருளில் மேகத்துக்குப் பெயர். கிழக்கிலிருந்து வீசி மழை தரும் காற்றுக்கும் அதுவே பெயர். ‘எழிலி’ என்றால் எழுந்து வருவது. எழிலும் அச்சொல்லில் ஒலிக்கிறது. ‘மங்குல்’ ஒளி மங்குதலையும் இருளையும் உணர்த்துவது. அதையும் பழம்புலவர் மேகத்துக்கு ஆண்டனர். ‘மை’ என்பது மேகம். கண்ணுக்கு அழகு தீட்டும் அஞ்சனமும் மை. சங்க இலக்கியத்தில் ‘மழை’ என்னும் சொல்லே பல இடங்களில் மேகத்தைக் குறிக்கிறது. மேகத்தைக் காணும்போதே மழையைக் கண்டுவிட்ட மனம் அது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த ‘வான்சிறப்பு’ அதிகாரத்தில் வான் என்பதன் பொருள் மழை. வடபுலத்தார் மேகத்தின் பெயரை வானத்துக்கு இட்டனர். நம் மொழியில் வானமும் மழையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டன.

வழக்குச் சொற்களும் உள்ளன. ‘மூட்டம்’ என்பது மூடு என்னும் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வானிலையாளர் ஆளும் ‘ஓவர்காஸ்ட்’ என்பதும் மேலே போர்த்தப்பட்டது என்னும் கருத்துடையதே. வானத்தை எட்டுக் கூறாகக் கொண்டு, எட்டையும் மேகம் மூடியிருந்தால் அவ்வாறு குறிப்பர். அதற்கு நம் வானொலியும் தொலைக்காட்சியும் ‘மேகமூட்டம்’ என்று கூறுவது மிகப் பொருத்தம். ‘மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது’ என்பது ஊர்ப்புறத்தார் வாக்கு. துணி காயாது, நெல் உலராது என்ற சலிப்பு அந்த வாக்கில் சில வேளை கலந்திருக்கும். ஆயினும் அது வேலை கெட்ட சலிப்பே அன்றி மனம் உடைந்த துயரம் அன்று. இன்று வகுப்பறையில் ‘மப்பு’ என்று கூறினால் மாணவர் சிரிக்கின்றனர். குடிமயக்கம் என்னும் ஒரு பொருளே அவர்களுக்குத் தெரிகிறது. ‘மந்தாரம்’ என்றால் பூ என்கின்றனர்.

இங்கே ஒரு தடை எழலாம். தமிழில் கருமை துயரத்தையும் சினத்தையும் குறிப்பதில்லையா? ‘முகம் கறுத்துவிட்டது’ என்கிறோமே! உண்மைதான். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளிப் பொருள் உடையன என்று முதலில் கூறி, அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அடுத்துக் கூறுகிறார். முகத்தின் சினமும் நிறத்தின் கருமையும் ஒரு சொல்லில் நிற்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது அன்று என்பது இதனால் பெறப்படும். ‘குளூம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஓர் உடன்பிறப்புத் தேட வேண்டுமாயின் ‘கறுப்பு’ என்பதையே சொல்லலாம். ஆனால் அடுத்த அடியில் இருவரும் பிரிந்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் முகத்தின் சினம் வானத்துக்கு ஏறியது. தமிழில் முகம் கறுத்தால் கவலை. வானம் கறுத்தால் மகிழ்ச்சி. ஒரே வினை முகத்தில் ஒரு மதிப்பும் வானத்தில் ஒரு மதிப்பும் பெறுகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் மொழிபெயர்ப்பவர் சொல்லைக் கொண்டுவந்து பொருளைக் கைவிட்டவர் ஆவார்.

நம் மரபுத்தொடர்களும் இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் வெதுவெதுப்பான வரவேற்பு நல்ல வரவேற்பு. வெயில் போன்ற முகம் மலர்ந்த முகம். நமக்கோ உள்ளம் குளிர வேண்டும், வயிறு குளிர வேண்டும், கண் குளிரக் காண வேண்டும். பிறர் வாழப் பொறாதவனுக்கு வருவது வயிற்றெரிச்சல். வள்ளலைப் பாடிய புலவர் அவன் கையைக் கார்மேகத்துக்கு ஒப்பிட்டனர். முல்லை நிலத்துக்குத் தெய்வமாக வகுக்கப்பட்ட மாயோன் கரிய நிறத்தவன். அவனைக் கார்முகில் வண்ணன் என்று பக்தர் உருகினர். கதிரவன் அவ்வளவு அருளோடு நம் சொற்களில் இடம் பெறவில்லை. சுடும் வெயிலைப் பாலைக்கு உரியதாக்கினார்கள். கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் முல்லைக்கு அளித்தார்கள்.

முல்லைத் திணையில் பிரிவுத் துயரம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நிரம்ப உண்டு. ஆனால் அத்துயரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிச் சென்றான். மேகம் கறுத்தால் அவன் வரும் நாள் வந்துவிட்டது என்று பொருள். வானம் தன் வாக்கைக் காத்துவிட்டது. அவன் இன்னும் காக்கவில்லை. தலைவியின் கண்ணீருக்குக் காரணம் மேகம் அன்று. மேகம் வந்தும் அவன் வாராமையே. குறுந்தொகையின் 66ஆம் பாடலில் தோழி, இது கார்காலமே அன்று, காலமல்லாக் காலத்து மழையைக் கண்டு கொன்றை மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன என்று கூறித் தலைவியை ஆற்றுவிக்கிறாள். வானத்தின் சோகத்தைக் காட்டி அவள் ஆறுதல் கூறவில்லை. வானம் கறுத்தது மகிழ்ச்சிக்கு உரிய அடையாளம் என்பதை இருவரும் அறிந்திருப்பதால்தான் அந்த அடையாளத்தை மறுக்க வேண்டிய இக்கட்டு அவளுக்கு நேர்கிறது. மதுரைக் கண்ணங்கூத்தனார் ‘கார் நாற்பது’ என்று ஒரு நூலே செய்தார். நாற்பது பாட்டிலும் கவிந்த வானம். அந்நூலின் உயிர்ப்பொருளோ தலைவனின் வருகை.

நம் மண்ணுக்கே உரிய சான்று ஒன்று புறநானூற்றில் உள்ளது. அதன் 242ஆம் பாடலைக் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது பாடினார். ஒல்லையூர் என்பது நம் மாவட்டத்தில் இன்று ஒலியமங்கலம் என வழங்கும் ஊர் என்பது அறிஞர் கொள்கை. அப்பாட்டில் புலவர், இளையோரும் சூடார், வளையணிந்த மகளிரும் கொய்யார், பாணனும் பாடினியும் அணியார், சாத்தன் மாய்ந்த பின்னும் நீ பூக்கிறாயோ என்று முல்லையை நோக்கி வினவுகிறார். முல்லை கார்காலத்துப் பூ. அது பூத்திருந்தால் மழை பெய்திருக்கிறது. ஒல்லையூர் நாடு குளிர்ந்திருக்கிறது. இயற்கை தன் கடனைச் செய்துகொண்டிருக்கிறது. மனிதன் மட்டும் இல்லை. இவ்விடத்தில் வேறொரு கவிஞர் வானத்தை அழ வைத்திருப்பார். பூக்களை உதிர வைத்திருப்பார். கீரத்தனார் பூவைப் பூக்கவிட்டார். அந்தப் பூவைச் சூட ஆளில்லை என்பதே நம் நெஞ்சை அறுக்கிறது. இழப்பின் அளவை, இழக்கப்படாத ஒன்றை அருகில் வைத்து அளந்து காட்டிய பாட்டு அது.

அவ்வாறாயின் தமிழ் மக்கள் வானத்தைப் பார்த்து வருந்தியதே இல்லையா? வருந்தினார்கள். அவர்களை வருத்திய வானம் மேகமற்ற வானம். நம் மாவட்டத்தின் மேற்கெல்லையை அடுத்துள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பர். அப்பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், புறநானூற்றின் 117ஆம் பாடலில் தீய குறிகளை அடுக்குகிறார். சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசையில் ஓடினாலும் பாரி நாட்டில் மழை பொய்க்கவில்லை என்பது அதன் கருத்து. இக்குறிகள் எல்லாம் தெளிந்த வானத்தில் மட்டுமே தென்படக்கூடியவை அல்லவா? மேகம் மூடிய வானத்தில் கோளேது, வால்மீன் ஏது? அச்சுறுத்தும் வானம் நம்மவர்க்கு ஒளி நிறைந்த வானமாகவே இருந்திருக்கிறது. இறையனார் களவியல் உரை கூறும் பன்னீராண்டுப் பாண்டிநாட்டு வற்கடமும், 1876 முதல் 1878 வரை நம் பாட்டன்மாரை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் அத்தகைய வானத்தின் கீழ் நிகழ்ந்தவை.

புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அறந்தாங்கிப் பக்கத்தில் கல்லணைக் கால்வாய் எட்டும் பகுதி நீங்கலாகப் பெரும்பாலும் இது வானம் பார்த்த பூமி. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் ஓடுவன. அதனால்தான் முன்னோர் ஆயிரக்கணக்கில் குளமும் கண்மாயும் ஏரியும் ஊருணியும் வெட்டினர். குமிழித் தூம்பு அமைத்தவன் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தனர். நகரை அடுத்த கவிநாட்டுக் கண்மாய் நிறைந்தால் நகரத்தார் முகமும் நிறைகிறது. சித்தன்னவாசல் குகைக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள். மேல்விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் பறவையும் யானையும் எருமையும் அதில் உள்ளன. பூப்பறிக்கும் ஆடவர் இருக்கின்றனர். அது சமண சமயத்தின் சமவசரணக் கருத்தைச் சார்ந்தது என்று ஆய்வாளர் விளக்குவர். அவ்விளக்கத்தை மறுக்காமலே ஒன்று கூறலாம்: அண்ணாந்தவர் கண்ணில் நீர்நிலை தென்படுவது இந்த மண்ணுக்கு மிகவும் பொருந்திய காட்சி.

மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் நடந்த சடங்குகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கி ஊர்ப்பொதுவில் கூடி உண்ணும் மழைச்சோற்று வழக்கம் இருந்தது. கொடும்பாவி என்று வைக்கோலால் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, இறந்தவர்க்கு அழுவது போல ஒப்பாரி வைத்துக் கொளுத்தும் வழக்கமும் இருந்தது. ஒப்பாரி என்பது தமிழ்ப் பெண்ணின் துயரம் முழுமையும் திரண்டு வரும் வடிவம். அதை வானத்தின் பொருட்டுப் பாடினார்கள். வானம் கறுத்த நாளில் பாடவில்லை, வெளுத்துக் கிடந்த நாளில் பாடினார்கள். எனவே ‘குளூமி ஸ்கை’ என்பதற்கு நம் மண் தரும் உண்மையான நிகர், மேகமே இல்லாத வெளிறிய வானம். இதுவே இன்று நான் கூற வந்த செய்தி.

பழங்கதை என்று இதைத் தள்ள முடியாது. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்ததை நாம் கண்டோம். அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் துடைத்து வைத்தது போல் நீலமாக இருந்தது. ஆங்கிலத்தில் அது அழகிய வானம். கண்மாய்க்கரையில் நின்றவருக்கு அது எப்படி இருந்தது என்பதை எழுதிய கவிதைகள் எத்தனை?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் நம் மாவட்டத்தின் வழியே சென்றது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்த ஊர்களில் இன்றும் வானம் கறுத்தால் நெஞ்சு படபடக்கும். அவர்களிடம் சென்று கார்வானம் மகிழ்ச்சிக்குரியது என்று இலக்கணம் பேச இயலாது. இதில் ஒரு சொல்வரலாறும் பொதிந்திருக்கிறது. வான்சிறப்பு அதிகாரத்தில் ‘புயல்’ என்னும் சொல் உழவனுக்கு வளம் தரும் மழையைக் குறித்தே வருகிறது. பழைய இலக்கியத்தில் அது மேகத்துக்குப் பெயர். இன்று அச்சொல்லில் அழிவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. பட்டறிவு மாறினால் சொல்லின் பொருளும் மாறும், மாறத்தான் வேண்டும். கசாவைக் கண்ட கவிஞர் கரிய வானத்தை அச்சத்தோடு எழுதினால் அது இரவல் உணர்ச்சி ஆகாது.

அவ்வாறே 1983க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்து இலண்டனிலும் டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழர், சாம்பல் நிற வானத்தைத் தனிமையின் அடையாளமாக எழுதுவதும் நேர்மையான எழுத்தே. அவர்கள் தலைக்கு மேல் இருப்பது அந்த வானம். அவர்கள் வழியாகத் தமிழுக்கு ஒரு புதிய வானம் கிடைத்திருக்கிறது. அதை நாம் வரவேற்க வேண்டும்.

ஆங்கிலக் கவிதை முழுவதும் மேகத்தைக் கண்டு சோர்ந்தது என்று நான் கூறவும் இல்லை. ஷெல்லி 1820இல் வெளியிட்ட முகில் பற்றிய பாட்டில் மேகம் தாகம் கொண்ட பூக்களுக்கு நீர் கொணர்கிறது. தானே மகிழ்ந்து பேசுகிறது. மனித உணர்ச்சியை இயற்கையின் மீது வரம்பின்றி ஏற்றும் போக்குக்கு 1856இல் ஒரு பெயரிட்டுக் கடிந்துரைத்தவரும் ஆங்கிலத் திறனாய்வாளர் ரஸ்கின்தான். நம் அணியிலக்கணம் தற்குறிப்பேற்றம் என்று அதற்கு இடம் தந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் கொடிகள் கோவலனை வாரற்க என்று கைகாட்டுகின்றன. வையை ஆறு பூவாடை போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கிறது. ஆனால் இளங்கோவடிகள் அதை எப்படிச் செய்தார் என்று நோக்குங்கள். காற்றில் ஆடும் கொடி கைபோல் அசைவது உண்மை. ஆற்று நீரைப் பூக்கள் மூடியிருப்பதும் உண்மை. பொருளின் இயல்பைக் கூர்ந்து பார்த்த பின்பே அவர் தம் குறிப்பை ஏற்றினார். பார்க்காமல் ஏற்றவில்லை.

நம் புதுக்கவிதைகளில் நிகழ்வது பார்க்காமல் ஏற்றுதல். காதலி பிரிந்தாள், உடனே வானம் இருண்டது. தலைவர் மறைந்தார், உடனே மேகம் கண்ணீர் சிந்தியது. தேர்தலில் தோற்றார், அதற்கும் கார்மேகம் சூழ்ந்தது. இவற்றை எழுதும் இளைஞர் பலர் உழவர் குடும்பத்தவர். அவர்கள் வீட்டில் வானம் இருண்டால் தாய் விறகை எடுத்து உள்ளே வைத்துவிட்டு முகம் மலர்ந்து திண்ணையில் அமர்வார். தந்தை வரப்பைப் பார்க்கப் போவார். அந்த முகங்களை நாள்தோறும் கண்ட பிள்ளை, தாளை எடுத்தவுடன் எங்கோ பனிமூட்டத்தில் வாழ்ந்தவனின் முகச்சுளிப்பைத் தன் வானத்தில் ஒட்டவைப்பது ஏன்? பாடநூல் வழியாகவும் திரைப்படம் வழியாகவும் அது வந்து சேர்ந்தது. மழையைப் போ, போ என்று விரட்டும் ஆங்கில மழலைப் பாட்டை, மழைக்காகக் கொடும்பாவி இழுத்த ஊர்களின் குழந்தைகளுக்குக் கைதட்டிக் கற்பிக்கிறோம். நல்ல மழை நாளை ‘மோசமான வானிலை’ என்று செய்தியில் படிக்கிறோம். பழகிய காதுக்கு இதில் முரண் தெரிவதில்லை.

சொல் தவறினால் பயிர் வாடிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நேராக வாடாது. ஆயினும் மப்பு, மந்தாரம், கொண்டல், கருக்கல் என்று வானத்தின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்திருந்தவன் வானத்தைக் கூர்ந்து பார்த்தவன். அவனே வரத்துக்காலைத் தூர்வாரியவன், மதகைக் காத்தவன். பெயர்கள் மறைந்தபோது பார்வையும் குறைந்தது. பார்வை குறைந்த இடத்தில் வரத்துக்காலின் மேல் வீட்டுமனைகள் எழுந்தன. முன்னது பின்னதற்குக் காரணம் என்று நான் வழக்காடவில்லை. இரண்டும் ஒரே தலைமுறையில் நிகழ்ந்தன என்பதை மட்டும் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முடிவாக மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சொல். ‘குளூமி’ என்பது வானத்தின் நிறத்தைக் குறித்தால் மந்தாரம், மூட்டம், மங்கல் என்னும் சொற்கள் உள்ளன. அது மனத்தின் சோர்வைக் குறித்தால் அதை மனத்துக்கே கூறுங்கள். வானத்தின் தலையில் ஏற்ற வேண்டா. இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும் இடமாயின், அது குளிர்நாட்டு வானம் என்பது வாசகர்க்குத் தெரியும்படி அந்நாட்டின் குளிரையும் குறுகிய பகலையும் பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பள்ளி நூல்களில் இலத்தீன் மேகப் பெயர்களைக் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், கார்படை மேகம் என்று தமிழாக்கிய அறிஞர்கள், மழைமேகத்துக்குக் ‘கார்’ என்னும் சங்கச் சொல்லையே எடுத்தாண்டிருக்கின்றனர். அறிவியலார் காட்டிய அந்த விழிப்புக் கவிஞர்க்கும் வேண்டும்.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி ஆக்கித் தந்தார். நம் மாவட்டத்தின் மழைச் சொற்களுக்கு அத்தகைய தொகுப்பு ஒன்று தேவை. பதினோராம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதியவர் இருவரைக் கண்டு, மேகம், காற்று, மழை, கண்மாய் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களை எழுதி வாருங்கள். எந்தத் திங்களில், எந்தத் திசை வானத்தைப் பார்த்து, எந்த வேலையின்போது அச்சொல்லைச் சொல்வார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரட்டியதை வரிசைப்படுத்தி, பொருள் எழுதி, அச்சுக்கு ஏற்றதாக்கித் தரும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆடி பிறக்கும் முன் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் முதற்படி அணியமாகிவிடும்.